முதலாளி நினைத்தால் விசாவை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கார் பழுதுபார்க்கும் பணிமனையொன்றில், முதலாளி ஸ்பான்சர் செய்து வாங்கும் 482 என்ற தற்காலிக வேலை விசாவில் மெக்கானிக்காக இருக்கிறேன். 2025 பிப்ரவரியில் வந்தேன். ஆண்டுச் சம்பளம் 74,000 டாலர் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வங்கியிலும் அப்படியே வரவாகிறது. ஆனால் ஓராண்டுக்கும் மேலாக, இரு வாரச் சம்பளம் விழுந்த மறுநாளே 400 டாலரை ஏ.டி.எம்.மில் எடுத்து முதலாளி கையில் கொடுத்து வருகிறேன். ஸ்பான்சர் செய்த செலவை நான்தான் அடைக்க வேண்டுமாம். சென்ற மாதம் தயங்கியபோது, "ஒரு மெயில் போட்டால் உன் விசா போய்விடும்" என்றார். தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். மனைவியும் என்னுடன்தான் இருக்கிறார். வேறிடத்துக்குப் போனால் பி.ஆருக்கான (நிரந்தர வசிப்புரிமைக்கான) காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தக் கடிதத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். தேதியில்லாத ராஜினாமா அவர் மேசையில் இருக்கும்வரை, நீங்கள் வேலையை விட்ட நாள் எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். உங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான நாளும் அதுதான்.

உங்கள் விசாவின் பின்னால் மூன்று தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன. நிறுவனம் ஸ்பான்சராக ஏற்கப்படுவது ஒன்று. இன்ன வேலைக்கு இன்னாரை அமர்த்துகிறோம் என்று அது செய்யும் நாமினேஷன் இன்னொன்று. இவ்விரண்டும் முதலாளியுடையவை. மூன்றாவதான விசா உங்களுடையது; அதை ரத்து செய்யும் அதிகாரம் ஆஸ்திரேலிய அரசின் உள்துறைக்கு மட்டுமே உண்டு. உங்கள் முதலாளியால் ஆகக்கூடியதெல்லாம், உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அதை 28 நாட்களுக்குள் துறைக்குத் தெரிவிப்பதுதான். அப்படித் தெரிவிப்பது அவர் கையிலுள்ள ஆயுதமன்று, ஸ்பான்சர் என்ற முறையில் அவருக்குள்ள கடமை. அதன் பிறகும் ரத்து செய்ய எண்ணினால், துறை முதலில் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பி, உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும்.

வேலை போன நாளிலிருந்து அடுத்த ஸ்பான்சரைத் தேடுவதற்கு உங்களுக்கு ஒரே தொடர்ச்சியாக 180 நாட்கள் வரையும், இந்த விசாவின் மொத்தக் காலத்தில் 365 நாட்கள் வரையும் அவகாசம் உண்டு. விசாவின் காலாவதித் தேதி அதற்கு முன்பே வராமல் இருக்க வேண்டும், அவ்வளவே. 2024 ஜூலை 1-க்கு முன் இந்த அவகாசம் 60 நாட்களாக இருந்தது. பணிமனைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் இன்றும் உலவும் மிரட்டல்கள் பெரும்பாலும் அந்தப் பழைய கணக்கை நம்பியே பிழைக்கின்றன. இந்த 180 நாட்களில் வேறு எந்த முதலாளியிடமும், வேறு தொழிலிலும்கூட, வேலை செய்து சம்பாதிக்கலாம். மேலும், ஒருவருடைய விசா நிலையைக் காட்டி அச்சுறுத்தி வேலை நிபந்தனைகளுக்கு இணங்க வைப்பது அதே 2024 ஜூலை 1 முதல் தனிக் குற்றமாகவே ஆக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த "ஒரு மெயில்" பேச்சே அவருக்கு எதிரான சாட்சியம்.

இனி 400 டாலருக்கு வருவோம். ஸ்பான்சராவதற்கான விண்ணப்பக் கட்டணம், நாமினேஷன் கட்டணம், அதோடு அரசு வசூலிக்கும் பயிற்சி நிதிக்கான வரி, ஆளைத் தேடிய செலவு, இவை தொடர்பாக ஏஜென்டுக்குக் கொடுத்தது ஆகிய எதையும் தொழிலாளியிடமிருந்து எந்த வடிவிலும் திரும்ப வாங்கக்கூடாது என்பது ஸ்பான்சர்களுக்கு விதிக்கப்பட்டுள்ள கடமைகளில் ஒன்று. விசா விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்டியிருந்தால் அது தவறில்லை. ஒரு பேச்சுக்கு அவருடைய நியாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்பான்சர் விண்ணப்பத்துக்கு 420 டாலர், நாமினேஷனுக்கு 330 டாலர், ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் குறைந்த நிறுவனமாக இருந்தால் பயிற்சி நிதிக்கு ஆண்டுக்கு 1,200 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4,800 டாலர், ஆகமொத்தம் 5,550. பதினான்கு தவணைகளிலேயே நீங்கள் 5,600 கொடுத்து முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் அவர் வாங்குவது எந்தச் செலவுக்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

இன்னொரு கோணமும் உண்டு. ஆண்டுக்கு 26 தவணைகள் என்றால் 10,400 டாலர் போய், உங்கள் உண்மையான சம்பளம் 63,600-க்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் வந்த சமயத்தில் இவ்வகை நாமினேஷனுக்கு இருந்த குறைந்தபட்ச ஊதிய வரம்பு 73,150 டாலர். துறைக்கு ஒரு சம்பளத்தைக் காட்டிவிட்டு வேறொன்றைத் தருகிறார் என்பதே இதன் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்பான்சர்ஷிப்புக்கு விலையாகப் பணம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். வேலையில் சேர்ந்த பிறகு அச்சுறுத்திப் பறிக்கப்பட்டது என்பதும், முன்கூட்டியே பேசி விசாவை விலைக்கு வாங்கியது என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு உங்கள் புகாரில் ஐயத்துக்கிடமின்றித் தெரிய வேண்டும். எனவே எழுத்தில் எதையும் கொடுக்கும் முன், புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உதவும் இலவசச் சட்ட உதவி மையத்தையோ, தொழிற்சங்கத்தையோ, பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டையோ பாருங்கள். உங்கள் முதலாளிக்கு வேலை பார்த்த அதே ஏஜென்டிடம் மட்டும் போக வேண்டாம்.

சான்றுகளை இன்றே திரட்டத் தொடங்குங்கள். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள்: வியாழக்கிழமை சம்பளம் வரவு, வெள்ளிக்கிழமை 400 எடுப்பு, இரு வாரம் கழித்து மீண்டும் அதே இரண்டு வரிகள் என்று ஓராண்டு முழுவதும் வருமானால், அதைத் தற்செயல் என்று எவரும் வாதிட முடியாது. பணம் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுத்து, பணிமனைக் கணினியிலோ நிறுவனம் தந்த கைபேசியிலோ அல்லாமல், உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேமியுங்கள். எந்த நாள், எங்கே, யார் முன்னிலையில் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

ஊதியம் பற்றிய புகாருக்கு, வேலையிட உரிமைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்பினால் 13 14 50-இல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விசாவில் இருப்பவர் என்பதால் உங்கள் ஊதிய உரிமை எள்ளளவும் குறையாது. நிலுவையை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரலாம்.

வேலையை விட்டுவிட்டுத் தேடுவதைவிடத் தேடிக்கொண்டு விடுவதே மேல் என்பது என் கருத்து. மெக்கானிக் வேலைக்கே உங்களை எடுக்க இன்னொரு ஸ்பான்சர் முன்வந்து, அவருடைய நாமினேஷன் ஏற்கப்பட்டுவிட்டால், இருக்கும் விசாவிலேயே அங்கு மாறிக்கொள்ளலாம்; 180 நாட்களில் ஒரு நாளும் செலவாகாது. ஆனால் அந்த நாமினேஷன் வரும் முன், இங்கே பணியில் இருந்துகொண்டே அங்கே பகுதிநேரமாகப் போய் வராதீர்கள். அது விசா நிபந்தனையை மீறுவதாகும். நிலைமை முற்றி, அவரே உங்களை வெளியேற்றிவிட்டாலும், வேலை முடிந்ததாக அவர் தந்த கடிதத்தை வாங்கி, நாட்களை அதிலிருந்து எண்ணுங்கள்.

பி.ஆர். பற்றிய கவலை பெரிதும் தேவையற்றது. முதலாளி நாமினேஷன் மூலம் பி.ஆர். தரும் 186 விசாவில், தற்காலிக வேலை விசாவிலிருந்து மாறுபவர்களுக்கான இடைமாற்றப் பிரிவுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் ஸ்பான்சரிடம் முழுநேரமாக வேலை செய்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் ஒரே முதலாளியிடம் கழிந்திருக்க வேண்டும் என்ற நிலை 2024 டிசம்பர் 7 முதல் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட எந்த ஸ்பான்சரிடம் செய்த காலமும் சேரும். இங்கே நீங்கள் கழித்த ஓராண்டும் கணக்கில் நிற்கும். ஸ்பான்சர் அல்லாதவரிடம் இடையில் செய்யும் வேலை மட்டும் சேராது.

உங்கள் மனைவி உங்கள் விசாவில் இணைந்தவர் என்றால் அவர் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். அவருக்குத் தனி ஸ்பான்சர் வேண்டியதில்லை. நீங்கள் மாறும் மாதங்களில் வீட்டு வாடகைக்கு அது கைகொடுக்கும். மருத்துவக் காப்பீட்டை உங்கள் முதலாளி கட்டி வந்திருந்தால், அது நின்றுபோகும் முன்பே இருவர் பெயரிலும் நீங்களே எடுத்துவிடுங்கள்.