பவளக் கருக்கள் முதல் இரவிலேயே அழுகுவது ஏன்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் கடல் உயிரியல் படிக்கிறேன். எங்கள் ஆய்வகத் தொட்டியில் அக்ரோபோரா மில்லெபோரா பவளங்கள் அக்டோபர் பௌர்ணமிக்குப் பின் முட்டையிட்டன. நன்றாகவே கருவுற்றன. ஆனால் மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம், ஒரே நாற்றம். எங்கே கோளாறு?

பதில்: பெரும்பாலும், மிச்ச விந்தைச் சரியாகக் கழுவாததுதான் காரணம். கருக்களும் நெருக்கமாக இருந்திருக்கும். விந்து அழுகினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் இறங்கிவிடும். பவள முட்டையில் கொழுப்பு அதிகம். ஒன்று வெடித்தால் அந்தக் கொழுப்பு மேலே படர்ந்து, மிதக்கும் மற்றக் கருக்களையும் பிடித்துக்கொள்ளும்.

பவளம் வெளிவிடும் இளஞ்சிவப்பு உருண்டைக்குள் முட்டையும் விந்தும் சேர்ந்தே இருக்கும். ஒரே பவளத்தின் விந்தும் முட்டையும் சேர்ந்து கருவுறுவது அரிது என்பதால் நான்கைந்து பவளங்களிலிருந்தாவது எடுத்துக் கலக்குங்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் விந்தணு போதும். தண்ணீர் பால்போல வெளுத்திருந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

கலந்து ஒரு மணி நேரம் ஆனதும் கழுவத் தொடங்கிவிடுங்கள். கருக்கள் மிதக்கும் என்பதால் அடியிலிருந்து தண்ணீரை இறக்கி, வடிகட்டிய புதுக் கடல்நீரைப் பக்கச் சுவர் வழியாக மெதுவாக விடுங்கள். மூன்று நான்கு முறையாவது மாற்ற வேண்டும். சல்லடை பயன்படுத்தினால் அதன் அடிப்பாகம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.

இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் செல் பிரிவு தொடங்கிவிடும். இந்தக் கருவுக்குக் காப்புச் சவ்வே கிடையாது. ஆண்ட்ரூ ஹேவர்டும் ஆண்ட்ரூ நெக்ரியும் இதே பவளத்தின் கருக்களை ஆராய்ந்து 2012ல் வெளியிட்ட முடிவு, லேசான கொந்தளிப்பிலேயே அவை துண்டாகிவிடும் என்று காட்டியது. துண்டுகளில் சில தனித்தனிக் குட்டி லார்வாக்களாக வளர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. ஆனால் வளர்ப்புத் தொட்டியில் அது நமக்கு வேண்டாம். முதல் நாள் காற்றுக் குழாயைத் திறக்கவே திறக்காதீர்கள். கருக்கள் உருண்டையாகி, தானாகச் சுழலத் தொடங்கிய பிறகு மெல்லிய குமிழி போதும்.

மில்லிலிட்டருக்கு ஒரு கருவுக்கு மேல் வேண்டாம். படலம் கண்ணில் பட்டதும் டிஷ்யூ பேப்பரை நீர்ப்பரப்பில் படுக்கவைத்து, ஒரு மூலையைப் பிடித்து இழுத்து எடுங்கள். சில கருக்களும் அதோடு போகும், பரவாயில்லை. தீனி எதுவும் போட வேண்டாம். முட்டையிலிருந்து வந்த கொழுப்பே கருவுக்குச் சாப்பாடு. நான்கைந்து நாளில் பாறையில் கெட்டியாகப் படரும் சுண்ணாம்புப் பாசியின் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள், ஒட்டத் தயாரான லார்வா அதைத் தேடிப் போகும்.

அப்புறம், இந்த ஆண்டு இன்னும் முடிந்துவிடவில்லை. அந்தப் பகுதியில் எல்லாப் பவளமும் அக்டோபரிலேயே முட்டையிடுவதில்லை. முட்டையிடாத பவளத்தில் ஒரு சிறு கிளையை ஒடித்து உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளை முட்டைகள் தெரிந்தால் நவம்பர் பௌர்ணமிவரை அந்தப் பவளத்தைத் தொட்டியிலேயே வைத்திருங்கள்.