ஆலோசகர் முறையை மாற்றிக்கொண்டே இருக்கிறார், தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் கணக்காளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு அப்பா மாரடைப்பில் இறந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது வாயுத் தொல்லையாக இருக்கும் என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் தாமதித்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து, பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. இசிஜி, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். இரண்டு மாதங்களாக ஓர் உளவியல் சிகிச்சையாளரிடம் போகிறேன். முதலில் எண்ணங்களை நோட்டில் எழுதச் சொன்னார். பிறகு சுழல்நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். இப்போது காலி நாற்காலியைக் காட்டி அப்பாவிடம் பேசச் சொல்கிறார். ஒன்றிலும் நிற்காமல் தாவுகிறாரே, வேறு ஆளைப் பார்க்கட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அவர் செய்வதில் ஓர் ஒழுங்கு இருப்பதாகவே தோன்றுகிறது. அதை உங்களுக்கு விளக்காமல் விட்டதுதான் குறை.

பஸ்ஸில் உங்களுக்கு வந்ததுபோல, திடீரென்று பயமும் படபடப்பும் பொங்கும் பீதித் தாக்கம் (panic attack) வந்தவர்கள் அடுத்த தாக்கத்துக்குப் பயந்து, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்தாலே "வந்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவைப் பிடித்து எழுதவைப்பது அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சையின் வழி. நாற்காலிச் சுற்றல் அதன் அடுத்த படி. ஒரு நிமிடம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும். பஸ்ஸில் வந்தவையும் ஏறக்குறைய இவைதான். ஆனால் இங்கே, பக்கத்தில் ஒருவர் இருக்க, அவை தாமாக எழுந்து தாமாக அடங்குவதைப் பார்க்கிறீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று நூறு பேர் சொன்னாலும் வராத நம்பிக்கை இப்படித்தான் வரும். இதற்கு அடுத்தது பஸ் பயணமாகத்தான் இருக்க வேண்டும். முதலில் இரண்டு நிறுத்தம், பிறகு ஐந்து. அதை அவர் இன்னும் தொடங்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

காலி நாற்காலி வேறு மரபிலிருந்து வருவது. இந்த நொடியில் உணர்வதைக் கவனிக்கவைக்கும் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் கெஸ்டால்ட் சிகிச்சையால் பரவலாக அறியப்பட்டது. இதை எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு ஏன் என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது: அப்பாவின் உயிர் போனது நெஞ்சில், உங்கள் பயம் உட்கார்ந்திருப்பதும் நெஞ்சில். படபடப்பைப் பழக்கி அடக்கினாலும், தாமதித்துவிட்டோம் என்ற உறுத்தல் தனியாக நின்று அரிக்கலாம். அதை அப்பாவிடமே சொல்லிப் பார்க்கத்தான் இந்த நாற்காலி.

பல மரபுகளிலிருந்து ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் இந்த அணுகுமுறையை ஒருங்கிணைந்த உளவியல் சிகிச்சை என்கிறோம். எந்தச் சிகிச்சை மரபு உசத்தி என்ற சண்டை நீண்ட காலம் நடந்தது. 1967இல் உளவியலாளர் கார்டன் பால் கேள்வியையே திருப்பிப் போட்டார்: எந்தச் சிகிச்சை, யார் செய்தால், எந்த மனிதருக்கு, எந்தச் சிக்கலுக்கு, எந்தச் சூழலில் பலிக்கும்? உளவியலாளர் ஆர்னால்ட் லாசரஸ் போன்றவர்கள் அந்த வழியில் போனார்கள். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து கொடுப்பதை லாசரஸே கண்டித்தார். என் கட்சியும் அதுதான். எல்லா முறையும் தெரியும் என்று விளம்பரம் செய்பவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உதாரணமாக, திரும்பத் திரும்பக் கை கழுவும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவரிடம், கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியை விட்டுவிட்டுக் குழந்தைப் பருவத்தையே மாதக்கணக்கில் பேசினால் நோய் அப்படியே இருக்கும்.

ஆகவே அடுத்த அமர்வில் முதல் பத்து நிமிடத்தை இதற்கென்று கேட்டு வாங்குங்கள். "இதை எனக்கு ஏன் இப்போது செய்கிறீர்கள்? பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்?" கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இலக்கிலும் செய்யும் வேலையிலும் இருவருக்கும் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சை உறவு என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார். உங்கள் விஷயத்தில் இரண்டாவது, அதாவது செய்யும் வேலையில் உடன்பாடு, ஆட்டம் கண்டிருக்கிறது. உங்கள் கதையோடு பொருத்தி அவர் பதில் சொன்னால் தொடருங்கள். மழுப்பினாலோ, எரிந்து விழுந்தாலோ, இன்னும் ஒரு மாதத்தில் ஒரு நிறுத்தம்கூடப் பஸ்ஸில் போக முடியவில்லை என்றாலோ மாற்றுங்கள். ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம்.

நாற்காலியிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குக் கடிதமாக எழுதி அமர்வில் வாசிக்கலாம். தூக்கமே வராமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.