தெருவோர வேம்பும் உங்கள் மகளின் விண்ணப்பமும்

வணக்கம் அம்மா. “எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப்போகிறாள். இன்று செடி நோய் என்கிறாள், நாளை சூழலியல் என்கிறாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறாளே!” என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆய்வுப் படிப்பு விண்ணப்பத்தில் “சிறு வயது முதலே தாவரங்கள் மீது ஆர்வம்” என்று தொடங்கியிருந்தாள். அடிக்கச் சொல்லிவிட்டேன், தேர்வுக் குழுவுக்கு அது பத்தோடு பதினொன்று. பிறகுதான் தயங்கித் தயங்கி ஒரு நோட்டை எடுத்தாள். உங்கள் தெருவின் வேப்ப மரங்கள் வரிசையாக வரையப்பட்டிருந்தன. நுனிக்கொப்புகள் பழுப்பேறிக் காய்ந்தவற்றுக்குச் சிவப்பு மை. ஒரே ஒரு மரம் பச்சை, பக்கத்தில் “இது மட்டும் ஏன் தப்பியது?” என்று எழுதியிருக்கிறாள். இனி விண்ணப்பத்தின் முதல் வரி அதுதான்.

வேம்பின் நுனிக்கருகலுக்கு ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை காரணம். தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் தளிர் கருகும். பூஞ்சையைப் பிரித்தெடுத்து வளர்ப்பது நோயியல். ஈரம், இடைவெளி, அண்டை மரங்கள் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது சூழலியல். தப்பிய மரத்தைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும். உதாரணமாக, 1869-இல் இலங்கையில் தென்பட்ட துரு நோய் என்னும் பூஞ்சை நோய் காப்பித் தோட்டங்களை அழித்ததற்கும், மலைமலையாக ஒரே பயிரை நட்டதற்கும் தொடர்பு உண்டு.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். வேளாண் பல்கலைக்கழகங்களில் பயிர் நோயியல் முதுகலைக்குப் பெரும்பாலும் பி.எஸ்சி. வேளாண்மை கேட்பார்கள். அதற்காக அவளை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வைக்காதீர்கள். அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் எழுதட்டும். ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கோவையின் வன மரபியல் நிறுவனம், திருச்சியின் வாழை ஆராய்ச்சி மையம், காசர்கோட்டின் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் திட்டப் பணி அறிவிப்புகளையும் பார்த்துவரட்டும். ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் பட்டத்தின் பெயரைக் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆகலாம். நிரந்தர வேலை உடனே வராது. புள்ளியியல் கைவசம் இருந்தால் காத்திருக்கும் காலத்திலும் சம்பாதிக்கலாம். அவளுக்கு அதில்தான் பயம்.

அடுத்த சனிக்கிழமை நோட்டுடன் வரச் சொல்லுங்கள். பாதிப் பக்கங்களில் தேதியே இல்லை, நினைவிருக்கும்போதே போட்டுவிடட்டும்.