குறிஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே எண்ணங்கள் வருவது ஏன்?

வணக்கம். கொடைக்கானல் பள்ளி மலருக்காகக் குறிஞ்சிப்பூ பற்றி எழுத அமரும்போதெல்லாம் 'நீலம், மலை, முருகன்' என்பவற்றைத் தாண்டி எதுவும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைக் கற்பனை வறட்சி என்று எண்ணி வருந்தாதீர்கள்.

நம் நினைவில் கருத்துகள் தனித்தனியே கிடப்பதில்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காலின்ஸ், லாஃப்டஸ் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1975இல் விளக்கியபடி, ஒரு கருத்து விழித்தெழுந்தால் அந்தத் தூண்டல் இணைப்புகளின் வழியே பரவி, வலுவான இணைப்புள்ள அண்டைக் கருத்துகளை முதலில் எட்டுகிறது. தொலைவு கூடக்கூட வலுவிழக்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் 'குறிஞ்சி' என்ற ஒரே வாசலில் நுழைவதால், தேய்ந்த அதே தடத்தில்தான் நடக்கிறீர்கள். தொலைவான கருத்துகளை இணைப்பதே படைப்பாற்றல் என்று 1962இலேயே மெட்னிக் என்ற உளவியலாளர் கூறினார். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆகவே குறிஞ்சியை ஒதுக்கிவிட்டு, 'பன்னிரண்டு ஆண்டுகள்' என்பதிலிருந்து மட்டும் தொடங்கிப் பாருங்கள். 2006இல் பூத்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, 2018இல் மீண்டும் பூத்தபோது பள்ளிப் படிப்பை முடித்திருக்கும். (இதை எழுதும்போதே எனக்கு மனம் நெகிழ்கிறது.) அந்தக் குழந்தையிடமிருந்து பழைய சீருடை, அதிலிருந்து வீட்டுக் கதவில் உயரம் குறித்த கோடுகள் என்று எண்ணம் நகரும், அங்கிருந்து பூவுக்குத் திரும்புங்கள். மற்றொரு நாள் தேனிலிருந்தோ மூடுபனியிலிருந்தோ தொடங்கலாம். முதலில் தோன்றும் ஐந்தாறு சொற்களைத் தாளில் எழுதி அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றுபவை. எழுதியதை இங்கே பகிர்ந்தால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.