செவ்வாயில் நின்று அண்ணாந்து பார்த்தால்: இரவு வானம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

செவ்வாயில் இரவு வானம் எப்படி இருக்கும் என்று போன வாரம் பேச்சோடு பேச்சாக நாலு வரி சொல்லிவைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. ஓர் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் இருபது வருடத் தூக்கக்கேடும்தான் என் தகுதி.

சார், செவ்வாய் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே. அங்கே போனால் நட்சத்திரக் கூட்டங்களின் வடிவம் மாறிவிடாதா?

மாறாது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் ஒன்றரை சென்டிமீட்டரில் இருக்கும். நமக்கு மிக அருகில் உள்ள வேற்று நட்சத்திரமோ ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் எரியும் தெருவிளக்கைத் தலையை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்திப் பார்த்தால் இடம் மாறியா தெரியும்? கார்த்திகைக் கொத்து, திருவாதிரையின் சிவப்பு, கேட்டையின் சிவப்பு எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்கும். செவ்வாயில் புதிதாகத் தெரிவதெல்லாம் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்: அதன் நிலாக்கள், நம் பூமி, அப்புறம் அந்தத் தூசு.

அப்படியென்றால் துருவ நட்சத்திரமும் அதேதானா?

இல்லை, அது மட்டும் மாறும். செவ்வாயின் அச்சு வேறு திசையைப் பார்க்கிறது. சாய்வு என்னவோ ஏறக்குறைய நம்முடையதுதான், 25 பாகை. ஆனால் வடமுனை சுட்டுவது அன்னம் எனப்படும் சிக்னஸ் கூட்டத்தில், டெனிப் நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பிரகாசமாக எதுவுமே இல்லாத ஓரிடத்தை. நம் துருவ நட்சத்திரம் அங்கே மற்றவற்றோடு சேர்ந்து சுற்றிவரும். தென்முனைக்காரர்களுக்குப் பரவாயில்லை, வேலா கூட்டத்தில் ஒரு சுமாரான நட்சத்திரம் முனைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அண்ணா, அங்கே கல்யாணம் நடந்தால் அருந்ததி பார்க்க முடியுமா? (சீரியஸாகத்தான் கேட்கிறேன்)

தாராளமாக. சப்தரிஷி மண்டலம் அங்கேயும் உண்டு. வசிஷ்டரும் அருந்ததியும் அதே இடைவெளியில்தான் நிற்பார்கள். நம் ஊரில் பகல் முகூர்த்தத்தில் கூரையைக் காட்டி "தெரிகிறதா?" என்று கேட்டு, "தெரிகிறது" என்று சொல்லவைப்பதைவிட அங்கே நேர்மையாகப் பார்க்கலாம்.

விளையாட்டாகக் கேட்டாலும் இந்தக் கேள்வியால் ஒரு நல்ல அளவுகோல் கிடைத்தது. அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே சுமார் 12 கலை, அதாவது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. இன்றிரவே மாடிக்குப் போய்ப் பார்த்து அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு இடத்தில் பயன்படும்.

செவ்வாய்க்கு இரண்டு நிலா என்று படித்தேன். இரண்டும் சேர்ந்து வந்தால் இரவு பகல் மாதிரி இருக்குமோ?

பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. 1877 ஆகஸ்டில் அமெரிக்க வானியலாளர் அசாஃப் ஹால் கண்டுபிடித்த ஃபோபோஸ், டெய்மோஸ் இரண்டுமே உருண்டைகூட இல்லை, உருளைக்கிழங்குகள். பெரியதான ஃபோபோஸ் உச்சியில் வரும்போது 12 கலை அகலம். ஆமாம், வசிஷ்டரிலிருந்து அருந்ததி வரைதான். நம் முழுநிலவில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. பௌர்ணமி வெளிச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அது ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதற்காகவே ஒருமுறை செவ்வாய்க்குப் போகலாம். தரைக்கு மேலே 6,000 கிலோமீட்டரில், 7 மணி 39 நிமிடத்துக்கு ஒரு சுற்று. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம். கோயில் பிரகாரத்தில் நீங்கள் மெல்ல நடக்கிறீர்கள், ஒரு பையன் அதே திசையில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் இருந்து வந்து, உங்களைத் தாண்டி முன்னால் போய்விடுவான். ஃபோபோஸும் அப்படித்தான். மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். மறையும் வரைக்கும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குள் பிறை வளர்வதோ தேய்வதோ கண்முன்னே நடக்கும். பல இரவுகளில் செவ்வாயின் நிழலுக்குள் புகுந்து நடுவானத்திலேயே காணாமல் போகும். உதித்து 11 மணி நேரம் கழித்து மறுபடி மேற்கே எட்டிப்பார்க்கும். முனைகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஃபோபோஸ் மிகத் தாழ்வாகச் சுற்றுவதால் 70 பாகை அட்சரேகையைத் தாண்டினால் தெரியவே தெரியாது.

டெய்மோஸ் நேர் எதிர். ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம் என்பதால் கிட்டத்தட்ட நம்மோடு சேர்ந்தே நடக்கிறது. உதித்தால் மறைய இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். ஆனால் அதிகபட்சம் இரண்டரை கலைதான். வெறும் கண்ணுக்கு நம் வெள்ளி மாதிரி ஒரு புள்ளி.

அப்போ சூரிய கிரகணம்?

உண்டு, பூரணமாக மட்டும் இல்லை. அங்கே சூரியனே 21 கலை. அதை 12 கலை உருளைக்கிழங்கால் எப்படி மறைப்பது? 2022 ஏப்ரல் 2 அன்று, செவ்வாய்த் தரையில் ஓடும் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி எடுத்த வீடியோவில், கோணல்மாணலான ஒரு கறுப்புத் துண்டு சூரியனைக் கடந்து போகும். மொத்தம் 40 சொச்சம் விநாடி.

ஐயா, பூமி எப்படித் தெரியும்? நீலமாகவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நமக்கு வெள்ளி எப்படியோ அப்படித்தான் செவ்வாய்க்குப் பூமி. சூரியனை விட்டு நாற்பது சொச்சம் பாகைக்கு மேல் அதிகம் விலகாது. அதனால் நடு இரவில் தேடிப் பயனில்லை. சில மாதம் விடிவெள்ளி, சில மாதம் அந்திவெள்ளி. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து பூமியை எடுத்த முதல் படம் 2004 மார்ச் 8-ஆம் தேதியுடையது. ஸ்பிரிட் ஊர்தி சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தது. சாம்பல் வானத்தில் ஒரு மங்கல் புள்ளி, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து, 2014 ஜனவரி 31 அந்தியில், கியூரியாசிட்டி ஊர்தி இன்னொன்று எடுத்தது. அப்போது பூமி 16 கோடி கிலோமீட்டர் தூரத்தில். பெரிதாக்கிப் பார்த்தால் பூமிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சிறு புள்ளி: நம் நிலா.

தொலைநோக்கியே வேண்டாம், வெறும் கண்ணுக்கே அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் இடைவெளி அதிகபட்சம் 8 கலை. அதாவது வசிஷ்டர்–அருந்ததியைவிடக் கொஞ்சம் நெருக்கம். ஒரு மாதத்தில் நிலா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பும். இங்கே நாம் நாள்காட்டியில் அமாவாசை பார்க்கிறோம். அங்கே இருப்பவர் அந்திவெள்ளியைப் பார்த்தே அதே மாதத்தை எண்ணிவிடலாம்.

எப்போதாவது பூமி சூரியனின் முகத்தையே கடந்தும் போகும். 1984 மே 11-இல் நடந்தது, பார்க்கத்தான் அங்கே ஆளில்லை. அடுத்தது 2084 நவம்பர் 10.

காற்றே இல்லாததால் நட்சத்திரங்கள் இமயமலையில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும், சரிதானே?

பாதி சரி. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் கண் சிமிட்டல் வெகு குறைவு. ஊர் விளக்குகளும் கிடையாது. ஆனால் தூசு! மாவு போன்ற மெல்லிய தூசு மேலே மிதந்துகொண்டே இருக்கிறது. நல்ல காலத்திலேயே நட்சத்திரங்கள் கொஞ்சம் மங்கும், அடிவானம் பக்கம் நிறையவே மங்கும். 2018-இல் வந்த புழுதிப்புயல் பகலையே இருட்டாக்கி, சூரிய ஒளியில் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் கதையை முடித்துவிட்டது.

அந்தத் தூசு செய்யும் ஒரே நல்ல காரியம் அந்தி. பகலில் வானம் பழுப்பு மஞ்சள், அஸ்தமன நேரத்தில் சூரியனைச் சுற்றி மட்டும் நீலம். நம் ஊருக்குத் தலைகீழ். தூசுத் துகளின் பருமன், நீல ஒளியைச் சூரியன் இருக்கும் திசையை ஒட்டியே சிதறவைக்கிறது. உயரத்தில் உள்ள தூசு வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இருட்டக் காத்திருக்க வேண்டும், சில சமயம் இரண்டு மணி நேரம்கூட. அதற்குள் குளிர் மைனஸ் எண்பதை நோக்கி இறங்கியிருக்கும்.

துருவ ஒளி உண்டா?

உண்டு. 2024 மார்ச்சில் பெர்சிவரன்ஸ் தரையிலிருந்தே பச்சை ஒளியைப் பதிவு செய்தது. செவ்வாய்க்கு முழுக்கோளக் காந்தப்புலம் இல்லாததால் அது முனைகளில் மட்டும் நிற்காமல் வானம் பூராவும் பரவும். அன்று வந்தது மிக மங்கல். பலமான சூரியப் புயலானால் மனிதக் கண்ணுக்கும் தெரியலாம் என்கிறார்கள்.

வெள்ளி கிரகத்தில்?

ஒரு நட்சத்திரமும் தெரியாது. முழுக்க கந்தக அமில மேகம்.

செவ்வாயில் பிறக்கும் குழந்தைக்குச் செவ்வாய் தோஷம் உண்டா?

ஜோதிடம் என் பாடம் இல்லை. வானத்தை மட்டும் சொல்கிறேன்: அந்தக் குழந்தையின் வானத்தில் செவ்வாயே கிடையாது, காலடியில் கிடக்கிறது. ராசி மண்டலங்கள் அதேதான், செவ்வாயின் பாதை நம் பாதையிலிருந்து இரண்டு பாகைகூட விலகவில்லை. ஜாதகக் கட்டத்தில் காலியான இடத்துக்குப் பூமியைப் போட வேண்டியிருக்கும். பூமி தோஷத்துக்குப் பரிகாரம் என்ன என்று யாராவது யோசித்து வையுங்கள்.

இதையெல்லாம் இங்கிருந்தே பார்க்க வழி இருக்கிறதா?

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போடுங்கள். இடம் தேர்வு செய்யும் பெட்டியில் பூமிக்குப் பதில் செவ்வாய் என்று மாற்றுங்கள். அட்சரேகை தெற்கே 4.6, தீர்க்கரேகை கிழக்கே 137.4. அது கேல் பள்ளம், கியூரியாசிட்டி இருக்கும் இடம். தேதி 2014 ஜனவரி 31. சூரியன் மறையும் நேரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து 80 நிமிடம் தள்ளி நிறுத்துங்கள். மேற்கே பாருங்கள். முதலில் கண்ணில் படும் வெளிச்சப் புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நிலாவும் வந்துவிடும்.