கும்பகோணம் பக்கம் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் ஓடுமா?

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டில் கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம். மயிலாடுதுறையில் இதே தொழிலைச் செய்கிறவன் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்ப்பெட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ் தரைதான். ஜமக்காளத்தைக் கழுவ யாரும் ஆள் கூப்பிடப் போவதில்லை. அதனால் போர்டில் சோபா, மெத்தை, கார் சீட் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். மெஷின் ஒன்றேதான். வீடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் சோபா வேலையாகத்தான் இருக்கும்.

கார்ப்பெட் வேலை இருக்குமிடம் வேறு. கல்யாண மண்டபங்கள், மேடை அலங்காரம் செய்கிறவர்கள், தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி ஹோட்டல்கள், அப்புறம் பள்ளிவாசல்கள். ரமலானுக்கு முன்னால் தொழுகை விரிப்புகளைச் சுத்தம் செய்வார்கள். ஒரு மாதம் முன்பே நிர்வாகிகளைப் போய்ப் பாருங்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த கனமான கார்ப்பெட்டுகள் வீடுகளிலும் கிடக்கும். அவற்றைத் தொடுவதற்கு முன் இழை என்னவென்று பாருங்கள். கம்பளி என்றால் சோடா கலந்த சோப்புத்தூள் ஆகவே ஆகாது. அடிப்பக்கம் சணலாக இருந்து அதிகம் நனைத்துவிட்டால், காயும்போது பழுப்பு நிறம் மேலே ஏறிவிடும். ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மண்டபக் கறைகளில் அதிகம் படுத்துவது மஞ்சள். அதன் மேல் சோடா கலந்த சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவந்துவிடும்; கறை பரவிவிட்டதென்று மண்டபக்காரர் பதறிப்போவார். கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் மறுபடி மஞ்சளாகும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. ரசாயனத்தை மாற்றி மாற்றி ஊற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, நம் ஊரில் இந்தத் தொழிலின் உயிர்நாடி எதுவென்றால், காயவைப்பதுதான். அழுக்கெடுக்க யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவிய கார்ப்பெட் ஒரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை வாடை வந்துவிடும், அந்த வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிடமாட்டார். ஆனால் தீபாவளிக்கு முன்னால்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். எனவே ஷாம்பு தெளித்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினோடு தரையோடு காற்றடித்துக் காயவைக்கும் புளோயர் ஒன்றையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். நனைப்பதற்கு முன் வேக்குவம் போட்டு மண்ணையெல்லாம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேறாகிவிடும். தண்ணீர் தெளிக்காமல் வெறுமனே உறிஞ்சும் இழுப்பை இரண்டு மூன்று முறை கூடுதலாகப் போடுங்கள். காயும் நேரம் நன்றாகக் குறையும். காயவைக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கூலி சொல்லுங்கள், அதை இலவசமாக்காதீர்கள்.

மண்டப வேலைக்கு ஆடி மாதத்தைப் பிடியுங்கள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அம்மியைப் பறக்கவைக்கும் காற்று கார்ப்பெட்டைக் காயவைக்காதா? ஆவணி முகூர்த்தத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஆனி கடைசியிலேயே பேசி வைத்துவிட வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போனால் நல்ல தண்ணீர் கேனில் எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராது, காய்ந்ததும் இழை விறைத்துப்போகும். நீளமான கனத்த எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டும். 15 ஆம்பியர் பிளக் பல வீடுகளில் அடுப்படியில்தான் இருக்கும்.

இரண்டு லட்சத்தையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். கடை வாடகைக்கு எடுக்க வேண்டாம், ஒரு பழைய ஆம்னி வேனை வேலைநாளில் மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். ஹோட்டல்கள் பணம் தர மாதக்கணக்காகும். அதுவரை கூலிக்கும் பெட்ரோலுக்கும் கையில் காசு இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், இணையத்தில் நீங்களே செய்யலாம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

இன்னொன்று, இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள். வேலை செய்த இடத்துக் கழிவறையிலேயே ஊற்றிவிடுங்கள், வேலையாளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் வாய்க்கால் தண்ணீர் அடுத்த வயலுக்குத்தான் போகிறது.