முதல் பதிவுக்கு முந்தைய நான்கு மாதங்கள்

அன்புள்ள ஐயா,

வலைப்பதிவு தொடங்க வேண்டும் என்று நான்கு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். கணக்குத் திறந்தாயிற்று. வார்ப்புருவை, அதாவது பக்கத்தின் தோற்ற அமைப்பை, ஏழு முறை மாற்றியாயிற்று. பெயர் வைப்பதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. 'வணக்கம், இது என் முதல் பதிவு' என்று மூன்று வரி எழுதி வெளியிட்டேன். 27 பார்வைகள் என்று காட்டுகிறது. அதோடு நின்றுவிட்டேன்.

எதைப் பற்றி எழுதுவது என்பதில் குழப்பம் இல்லை. போன வருடம் ஒரு சிறிய தொலைநோக்கி வாங்கினேன். வானம் பார்ப்பதைப் பற்றித்தான் எழுத ஆசை. ஆனால் நான் வானியல் படித்தவன் இல்லை. முதல் நாள் வியாழனைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரைச் சரிசெய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் வியாழன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன, மறுநாள் பார்த்தால் நான்கு. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

இந்த லட்சணத்தில் நான் எழுதினால் யார் படிப்பார்கள்? எல்லாமே ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதே? இலவசத் தளம் போதுமா, காசு கொடுத்து இடம் வாங்க வேண்டுமா? வாரத்துக்கு எத்தனை பதிவு எழுத வேண்டும்? வருமானம் வருமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 27 பார்வைகளில் 20 நீங்களாகத்தான் இருக்கும். மீதியில் பாதி, தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கிகள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் என் முதல் பதிவை அலுவலகத்தில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை திறந்து பார்த்து, எண்ணிக்கை கூடுவதைக் கண்டு பூரித்தவன்தான்.

ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்கு மாதமாக உங்களை நிறுத்திவைத்திருப்பது முதல் கேள்விதான். தெரியாதவன் எழுதலாமா என்ற கேள்வி. வார்ப்புருவை ஏழு முறை மாற்றியதும் அந்தத் தயக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். எழுதப் பயமாக இருக்கும்போது மேசையைத் துடைப்போமே, அந்த மாதிரி.

1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தன் தளத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். அவர் அதில் கட்டுரை எதுவும் எழுதவில்லை. இணையத்தில் அன்றன்று படித்தவற்றின் சுட்டிகளை (லிங்க்), ஓரிரு வரிக் குறிப்போடு போட்டுக்கொண்டே போனார். 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அந்தச் சொல்லை விளையாட்டாக 'வீ ப்ளாக்' ('நாங்கள் ப்ளாக் செய்கிறோம்') என்று பிரிக்கப்போய், 'ப்ளாக்' தனிச்சொல்லாகிவிட்டது. 'லாக்' என்பது கப்பல்காரர்களின் சொல். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் போடும் மரக்கட்டைக்கு அந்தப் பெயர். அளந்ததை எழுதிவைத்த ஏடு லாக்புக் ஆனது. இன்று காற்று எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வந்தோம், கண்ணில் பட்டது என்ன என்று எழுதிவைப்பார்கள். எழுதுகிறவருக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

நமக்கோ எழுதுவது என்றாலே பள்ளிக்கூடக் கட்டுரை நினைவுக்கு வந்துவிடுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. 'வியாழன் சூரியக் குடும்பத்தின் ஐந்தாவது கோள்' என்று ஆரம்பித்துவிடுவோம். தயவுசெய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். அது எல்லா இடத்திலும் இருக்கிறது.

வியாழனைத் தேடி ஒன்றரை மணி நேரம் திண்டாடினீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் முதல் பதிவு. 20 வருடமாக வானம் பார்க்கிறவர் அதை எழுத மாட்டார். அவரும் ஒரு காலத்தில் அப்படித் தேடியிருப்பார், ஆனால் தேடியது மறந்துபோயிருக்கும். 'ஃபைண்டரை முதலில் நேர்செய்துகொள்ளவும்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். நேர்செய்வது என்றால் என்ன, பகலிலா இரவிலா, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது? பகலில் செய்வதுதான் சுலபம் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தின் நுனியைப் பெரிய குழாயில் பிடித்து நடுவில் நிறுத்த வேண்டும். அப்புறம் குழாயை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருப்பி, அதே நுனியை அதன் குறுக்குக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சூரியன் இருக்கும் பக்கமே குழாயைத் திருப்பக் கூடாது, கண் போய்விடும். ஃபைண்டரில் கம்பம் தலைகீழாகத் தெரிந்தால் அதில் கோளாறு ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியாமல், விற்றவரிடம் சண்டைக்குக் கிளம்பியவன் நான். செருப்பு மாட்டும்போதுதான் யாரோ விளக்கினார்கள்.

இதையெல்லாம் தெரியாமல் இருந்த நாள் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆறு மாதம் போனால் இருக்காது. அதனால் இப்போதே எழுதிவிடுங்கள். நிபுணர் குரல் வேண்டாம். 'நான் இப்படிச் செய்தேன், இப்படிச் சரியாயிற்று' என்று சொன்னால் போதும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் யாராவது வந்து திருத்துவார்கள். திருத்தினால் பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், இன்ன தேதியில் இதைத் திருத்தினேன் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல துணையும் இருக்கிறது. 1610 ஜனவரி 7-ஆம் தேதி இரவு கலிலியோ வியாழன் பக்கத்தில் மூன்று புள்ளிகளைப் பார்த்தார். ஆமாம், உங்களைப் போலவே மூன்றுதான். தூரத்து நட்சத்திரங்கள் என்று நினைத்தார், தவறாகத்தான் நினைத்தார். ஆனாலும் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் புள்ளிகளை வைத்து வரைந்துகொண்டார். மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. அதையும் வரைந்தார். இரவுக்கு இரவு குறித்துக்கொண்டே வந்தவருக்கு 13-ஆம் தேதி நான்காவது புள்ளியும் தெரிந்தது. வியாழனைச் சுற்றும் நிலவுகள் அவை என்பது அவருக்கு அந்தக் குறிப்புகளின் வரிசையிலிருந்துதான் பிடிபட்டது. புரிந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் புரிந்தே இருக்காது.

எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் திண்டாடிய அந்த ராத்திரி எதைத் தேடியிருப்பீர்களோ, அதே சொற்களைப் போட்டுத் தமிழில் தேடிப் பாருங்கள். கிடைத்தது உங்களுக்கு உதவியிருக்குமா? இல்லையென்றால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. தலைப்பையும் அந்தச் சொற்களிலேயே வையுங்கள். 'விண்ணைத் தொட்ட முதல் இரவு' என்று வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் திண்டாடுகிறவர் யாரும் அப்படித் தேட மாட்டார். 'தொலைநோக்கியில் கிரகம் அகப்படவில்லையா? ஃபைண்டரை நேர்செய்வது எப்படி' என்று வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது இடம். இலவசமே போதும். ப்ளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை 1999-ல் தொடங்கியது, 2003-ல் கூகுள் வாங்கியது, இன்னும் ஓடுகிறது. வேர்ட்பிரஸ் என்று சொன்னால் அது இரண்டைக் குறிக்கும், புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வேர்ட்பிரஸ்.காம் என்பது அவர்களே இடம் கொடுத்து நடத்தும் சேவை, அதில் இலவசக் கணக்கும் உண்டு. வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் கிடைப்பது மென்பொருள். அதை நீங்கள் வாடகைக்கு எடுத்த வழங்கியில் (சர்வர்) நிறுவி, புதுப்பித்து, காவலும் காக்க வேண்டும். வானம் பார்க்க நேரம் வேண்டுமென்றால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். சொந்த முகவரி பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் வருடாவருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது, விட்டுவிட்டால் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

எந்த இடமானாலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். ப்ளாகரிலும் வேர்ட்பிரஸிலும் இருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் வலைப்பதிவு இருந்த இலவசச் சேவை ஒருநாள் மூடப்பட்டது. முன்கூட்டியே மின்னஞ்சலில் அறிவித்திருந்தார்கள். அந்த மின்னஞ்சல் முகவரியை நான் பார்ப்பதையே விட்டிருந்தேன். 60 பதிவுக்கு மேல் போயிற்று. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் துழாவி 11 பதிவுகளை மீட்டேன், அதிலும் படங்கள் இல்லை. மீதியில் என்ன எழுதியிருந்தேன் என்பதுகூட இப்போது நினைவில்லை. அதன்பிறகு எதையும் உலாவியின் பெட்டியில் நேரடியாகத் தட்டுவதில்லை. கணினியில் ஒரு கோப்பில் எழுதி, அங்கிருந்து ஒட்டுகிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யலாம், மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

பதிவின் முகவரி விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகிவிட்டால், நகலெடுத்து ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாக விரியும். 'தொலைநோக்கி' என்ற ஒரு சொல்லே 90 எழுத்தாகிவிடும். ப்ளாகரோ தமிழை விட்டுவிட்டு 'ப்ளாக்-போஸ்ட்' என்று பொதுவாக ஒன்றை வைத்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே முகவரியை ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்டபின் மாற்றாதீர்கள். மாற்றினால் அதுவரை பகிர்ந்தவர்களின் சுட்டியெல்லாம் செத்துப்போகலாம்.

படங்கள் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். நிலவின் மங்கலான படம் என்றாலும் உங்களுடையதே மேல். வேறு படம் தேவைப்பட்டால், பிறரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு படங்களைச் சேர்த்துவைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, உரிமக் குறிப்பில் சொல்லியிருக்கிறபடி எடுத்தவர் பெயரைப் போடுங்கள். கூகுளில் வருவதெல்லாம் எடுத்துக்கொள்ளக் கிடப்பவை என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது, அது தவறு. இன்னொன்று: கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். நீங்கள் பெயரையே மறைக்க நினைப்பவர். மொட்டைமாடியில் எடுத்த படம் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இடத் தகவலை நீக்கி, படத்தின் அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள். மெதுவான இணைப்பில் படிப்பவர்களும் வாழ்த்துவார்கள்.

வாரத்துக்கு எத்தனை என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மேகம் வந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்? ஐந்து பதிவு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் வாரம் ஒன்றாக விடுங்கள். அந்த ஐந்து வாரத்தில் இன்னும் இரண்டு மூன்று தானாகச் சேர்ந்துவிடும். இடைவெளி விழுந்தால் விழட்டும். 'நீண்ட நாட்களாக எழுத முடியவில்லை, வாசகர்கள் மன்னிக்கவும்' என்று மட்டும் ஒரு பதிவு போடாதீர்கள். நான் மூன்று தடவை போட்டிருக்கிறேன். மன்னிக்க ஆள் இல்லை.

வருமானம் இப்போதைக்கு வராது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது, ஆனால் அது கூட்டம் வரும் இடத்துக்கு. உங்களுக்குக் கூட்டம் வந்தபின் யோசித்துக்கொள்ளலாம்.

தேடுபொறி உங்களைக் கண்டுகொள்ளச் சில வாரங்கள் ஆகலாம். வேர்ட்பிரஸ் என்றால், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு கட்டம் அமைப்புகளில் இருக்கிறது. அது குறியிட்டபடி கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருத்துப் பெட்டியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரக் குப்பையாக இருக்கும். நீங்கள் பார்த்து அனுமதித்தபின் வெளிவருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஒருவர் ஃபைண்டரைப் பற்றிக் கேட்டால், முதலில் அங்கேயே இரண்டு வரி பதில் சொல்லிவிட்டுப் பிறகு சுட்டியைக் கொடுங்கள். வெறும் சுட்டியை எறிந்துவிட்டு ஓடுகிறவரை யாரும் பின்தொடர்வதில்லை.

'வணக்கம், இது என் முதல் பதிவு' என்பதை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அழிக்க வேண்டாம். ஐந்தாறு பதிவு வந்ததும் அது கீழே போய்விடும்.

கடைசியாக, அந்த மூன்று புள்ளி விஷயம். நான்காவது நிலவு அப்போது வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கலாம், அதன் நிழலுக்குள்ளும் இருந்திருக்கலாம். வியாழனை ஒட்டி நின்று அதன் வெளிச்சத்தில் கரைந்திருக்கவும் கூடும். நீங்கள் பார்த்த தேதியும் நேரமும் தெரிந்தால் எந்த நிலவு, எங்கே ஒளிந்திருந்தது என்று ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் காலத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்துவிடலாம். குறித்துவைத்திருக்கிறீர்களா? இருந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். பதிவில் போடுங்கள், நான் அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.